குப்பை வண்டி வந்த பாதை

நம் சங்கத்தின் ஆண்டு மலரில் வரலாற்றுக் கட்டுரைக்கென ஒதுக்கப்படும் பக்கங்களில் இதுகாறும் கோயில் வரலாறு வந்திருக்கிறது. பள்ளியின் வரலாறும் இசைச் சபையின் வரலாறும் வந்திருக்கின்றன. இவ்வாண்டு குப்பையின் வரலாற்றை எழுதப் புகுகின்றோம். விழா மலரில் இதற்கு என்ன வேலை என்று சில அன்பர்கள் முகஞ்சுளிக்கக்கூடும். அவர்களை ஒன்று கேட்கின்றோம். நாள்தோறும் காலையில் செம்பூர் நிலையத்தில் நெருக்கியடித்து ஏறுகின்றோமே, அந்த இருப்புப் பாதை எதற்காகப் போடப்பட்டது என்பதை அறிவோமா? அது நமக்காகப் போடப்பட்டதன்று. பம்பாய் நகரத்துக் குப்பை பயணம் செய்வதற்காகப் போடப்பட்டது. குர்லாவிலிருந்து செம்பூர் வரை ஒற்றைப் பாதையாக 1906-இல் அது அமைந்தது. மக்கள் ஏறுவதற்கு அனுமதி கிடைத்தது 1924-இல்தான். பதினெட்டு ஆண்டுகள் நமக்கு மூத்த பயணி குப்பை.

குப்பைக்கு ஏன் ஒரு ரயில்? 1896-ஆம் ஆண்டு பம்பாயின் மாண்டவிப் பகுதியில் பிளேக் நோய் புகுந்தது. துறைமுகத்தை ஒட்டிய அந்தத் தெருக்கள் தானியக் கிடங்குகளும் நெருக்கமான குடியிருப்புகளும் நிறைந்தவை. நோய் பரவியபோது நகரத்தை விட்டு இலட்சக்கணக்கானோர் ஓடினர். எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியே நோயைச் சுமக்கிறது என்பது அப்போது தெளிவாகத் தெரியாது. அழுக்கும் இருளும் காற்றோட்டமின்மையுமே காரணமென்று ஆட்சியாளர் கருதினர். ஆகவே 1898-இல் நகரச் சீரமைப்பு அறக்கட்டளை ஒன்றை நிறுவி, நெருக்கமான பகுதிகளை இடித்து, வடக்கே தாதர், மாட்டுங்கா முதலிய இடங்களில் அகன்ற தெருக்களை வகுத்தனர். அதே அச்சத்தில் நகரக் குப்பையையும் ஊருக்கு வெளியே நெடுந்தொலைவு அனுப்பிவிட முடிவு செய்தனர். மாட்டு வண்டிகளில் மகாலட்சுமிக்கு வந்து சேர்ந்த குப்பை அங்கே ரயில் பெட்டிகளில் ஏற்றப்பட்டுச் செம்பூரின் சதுப்பு நிலத்தில் கொட்டப்பட்டது. 1927-இல் தேவ்னார் குப்பைத் திடல் தோன்றியது. 132 ஹெக்டேர் பரப்பு. நாட்டின் மிகப் பழைய, மிகப் பெரிய குப்பைத் திடல்களுள் அதுவும் ஒன்று.

இதில் நம்மவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிளேக்கு நோய்க்கஞ்சி வகுக்கப்பட்ட மாட்டுங்காவின் அகன்ற தெருக்களில்தான் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்க் குடும்பங்கள், எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் சுருக்கெழுத்தாளர்களாகவும் வந்து, குடியேறின. அங்கே இடம் போதாமற் போன பின்னர் செம்பூருக்கு நகர்ந்தன. ஆகவே நகரம் தன் அழுக்கை எங்கே அனுப்பியதோ, அதே பாதையில் நாமும் பின்னால் வந்து சேர்ந்தோம். இதற்கும் முன்பே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலாளர் தாராவிக்கு வந்துவிட்டனர். அவர்களும் நகரின் ஓரத்துச் சதுப்பில்தான் ஒதுக்கப்பட்டனர். நம் மலர்களில் மாட்டுங்காத் தமிழரைப் பற்றி எழுதிய அளவுக்குத் தாராவித் தமிழரைப் பற்றி எழுதியதில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நாட்டு விடுதலைக்குப் பின் செம்பூரின் முகம் மாறிற்று. சிந்து மாநிலத்திலிருந்து வந்த அகதிகளுக்கு இங்கே முகாம் அமைந்தது. 1954-இல் டிராம்பேயில் அணுசக்தி நிலையம் தொடங்கியது. ஹோமி பாபா 1966-இல் மறைந்தபின், 1967-இல், அதற்கு அவர் பெயரே இடப்பட்டது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் வந்தன. வேலை தேடி வந்த தமிழர்க்குக் குறைவில்லை. நம் குடியிருப்பின் முதல் குடும்பங்கள் அக்காலத்தில் வந்தவையே.

அந்நாளைய இல்லங்களில் குப்பை எவ்வளவு சேர்ந்தது என்று மூத்தோரைக் கேட்டுப் பார்த்தோம். மிகச் சிறிதளவே என்றனர். ஆரே பால் பண்ணை 1949-இல் தொடங்கப்பட்டது. அதன் பால் கண்ணாடிப் புட்டிகளில் வரும். வாயை மெல்லிய அலுமினியத் தகடு மூடியிருக்கும். விடியற்காலையில் வெற்றுப் புட்டியைக் கழுவிக் கொண்டுபோய்ச் சாவடியில் கொடுத்தால்தான் நிறைந்த புட்டி கைக்கு வரும். செய்தித்தாளை ரத்திவாலா நிறுத்து வாங்கிக்கொள்வார். அவர் தராசை நம்பாத பாட்டிமார் வீட்டுப் படிக்கல்லைத் தனியே வைத்திருந்தனர் என்பது வேறு கதை. பழைய வேட்டிக்கும் புடவைக்கும் எவர்சில்வர் பாத்திரம் தரும் பெண்கள் தலையில் கூடையும் தோளில் துணி மூட்டையுமாகப் படியேறி வருவர். ஒரு தூக்குச் சட்டிக்கு மூன்று புடவையா நான்கு புடவையா என்று அரைமணி நேரம் வழக்கு நடக்கும். அப்பெண்கள் நம் சமையலறை வாயில்வரை வந்து அமர்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தனர். யாரும் அவர்களிடம் அடையாளச் சீட்டுக் கேட்டதில்லை. பின்னர்ப் பால் பிளாஸ்டிக் பையில் வந்தது, எண்ணெயும் அப்படியே, கடைச் சாமான் எல்லாமே அப்படி வந்தது. திருப்பிக் கொடுக்க இயலாத பொருள் வீட்டுக்குள் வந்தபோதுதான் குப்பைத்தொட்டி பெரிதாயிற்று.

இனிச் சொல்லப் போகும் நிகழ்ச்சி நம் குடியிருப்பில் நடந்ததன்று. ஆனால் நமக்கு மிக அருகில் நடந்தது. அணுசக்தி நிலையத்தை ஒட்டி ஜனதா காலனி என்றொரு குடிசைப் பகுதி இருந்தது. நகரின் பிற இடங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டோர் பலர் அங்கே குடியமர்த்தப்பட்டிருந்தனர். அவர்களுள் தமிழர் தொகை மிகுதி. கோலார் தங்கவயலில் பிறந்து தச்சு வேலை தேடி 1960-களில் பம்பாய்க்கு வந்த ஜாக்கின் அற்புதம் என்னும் தமிழ் இளைஞர் அங்கே வாழ்ந்தார். அவர் குடிசைச் சிறுவர்க்கு ஒரு பள்ளி தொடங்கினார். அங்கே மாநகராட்சி குப்பை அள்ளுவதில்லை. எழுதிக் கேட்டும் பயனில்லை. அற்புதம் பிள்ளைகளை உல்லாசப் பயணம் போவோம் என்று அழைத்தார். ஒவ்வொருவரும் ஒரு கிலோ குப்பையைக் காகிதத்தில் பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே கட்டுப்பாடு. பெருந்திரளான சிறுவர் பாட்டுப் பாடிக்கொண்டே சென்று மாநகராட்சி அலுவலக வாயிலில் பொட்டலங்களைப் போட்டுவிட்டுத் திரும்பினர். இதைப் பிற்காலத்தில் அவரே தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார். மாநகராட்சியார் வேறு வழியின்றிக் குப்பை எடுக்க இசைந்தனர்.

அவரே 1974-இல் தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பைத் தொடங்கினார். அணுசக்தி நிலையத்திற்கு அந்த நிலம் வேண்டியிருந்தது. நீதிமன்றம், மனு, போராட்டம் எல்லாம் ஆண்டுக்கணக்கில் நடந்தன. நெருக்கடி நிலை நடப்பில் இருந்த 1976 மே மாதத்தில் ஜனதா காலனி இடித்துத் தள்ளப்பட்டது. ஏறக்குறைய 70,000 மக்கள் டிராம்பே ஓரத்திலுள்ள சீட்டா கேம்ப் என்னும் இடத்திற்கு அகற்றப்பட்டனர். சீட்டா கேம்ப்பில் இன்றும் தமிழ் கேட்கலாம். அன்று வெளியேற்றப்பட்டோர்க்கும் நிலையத்தின் குடியிருப்புகளில் அமைதியாக வாழ்ந்தோர்க்கும் தாய்மொழி ஒன்று. இடையே ஒரு சுவர். நம்முள் சிலர் அன்று அந்தச் சுவரின் இப்பக்கம் இருந்தோம். எங்கள் வீடுகளில் பாத்திரம் துலக்க வந்த அம்மாள் அந்த மே மாதத்தில் பத்து நாள் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டது மட்டும் நினைவில் நிற்கிறது. ஏன் வரவில்லை என்று கேட்டறிந்ததாக நினைவில்லை.

அடுத்து 1990-களுக்கு வருவோம். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நகரில் கலவரம் மூண்டது. மார்ச் 12 அன்று குண்டுகள் வெடித்தன. நகரத்தின் நெஞ்சிலே அச்சம் குடிபுகுந்தது. பல பகுதிகளில் காவல்துறையும் பொதுமக்களும் சேர்ந்து மொஹல்லா கமிட்டிகள் அமைத்து, அண்டைச் சமூகத்தாரை ஒருவரோடொருவர் பேச வைத்தனர். அது அச்சத்திற்கு ஒரு மருந்து. வேறு பலர் இன்னொரு மருந்தை நாடினோம். சுற்றுச்சுவரை உயர்த்தினோம்; இரும்பு வாயில் போட்டோம்; காவலாளர் இருவர் நால்வரானார்கள்; வருவோர் பெயரெழுதப் பேரேடு வைத்தோம்.

நம் குடியிருப்பில் அக்காலத்தில் ஒரு திருட்டு நடந்தது. தாழ்வாரத்தில் வைத்திருந்த பித்தளை அண்டா ஒன்றைக் காணவில்லை. அன்று காலை பழந்தாள் பொறுக்கும் பெண் ஒருத்தி உள்ளே வந்து போனதைப் பார்த்தவர் இருந்தனர். வேறு சான்று எதுவும் வேண்டியிருக்கவில்லை. மறுநாள் முதல் குப்பை பொறுக்குவோர் எவரும் உள்ளே நுழையக்கூடாதென்று கமிட்டி தீர்மானித்தது. நாமும் கை தூக்கினோம். ஆறு வாரங்கழித்து அந்த அண்டா அதே வீட்டாரின் உறவினர் இல்லத்துத் திருமணத்தில் சாம்பார் நிறைந்திருப்பதைப் பலரும் கண்டோம். இரவல் கொடுத்ததை மறந்திருந்தனர். தீர்மானம் மட்டும் மாற்றப்படவில்லை. ‘பாதுகாப்புக்கு நல்லதுதானே’ என்றனர்.

அதன் விளைவு என்ன? அதுவரை அப்பெண்கள் நாள்தோறும் தாள், புட்டி, தகரம், பிளாஸ்டிக் ஆகியவற்றைத் தனியே எடுத்துச் சென்றுவிடுவர். எஞ்சியது மக்கும் பொருள், அளவும் குறைவு. அவர்கள் நின்றபின் எல்லாம் ஒன்றாய்க் கலந்து பின்வாயிலில் குவிந்தது. நகராட்சி வண்டி ஒருநாள் வரும், இருநாள் வராது. நாய்கள் கூடின, இரவில் அவ்வழி வந்த கல்லூரி மாணவன் ஒருவனைக் கடித்தன. எலி பெருகிற்று. நாற்றத்திற்கஞ்சி யாரும் அப்பக்கம் போவதில்லை. போகாத இடத்தில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பாரில்லை. விளக்கில்லாத இடத்தில் சீட்டாட்டமும் குடியும் வந்தன. நம் பெண்மக்கள் இரவு வேலை முடிந்து பின்வாயில் வழியே வருவதை நிறுத்திப் பெருஞ்சாலையைச் சுற்றி வந்தனர். பாதுகாப்புக்கென்று செய்த ஒன்று பாதுகாப்பைக் கெடுத்ததை நாம் புரிந்துகொள்ளச் சில ஆண்டுகள் பிடித்தன.

இந்த நிலையில் 1997-இல் மாநகராட்சி வட்டார மேலாண்மைத் திட்டம் என்பதொன்றை அறிமுகம் செய்தது. ஒரு தெருவார் அல்லது ஒரு குடியிருப்பார் தம்முள் குழு அமைத்துக் குப்பையை வீட்டிலேயே ஈரம், உலர் எனப் பிரித்து, ஈரக் குப்பையை உரமாக்கினால் மாநகராட்சி அவர்களோடு ஒத்துழைக்கும். காட்கோபரில் ஜோஷி சந்தில் வாழ்ந்த மக்கள் இதற்கு வழிகாட்டினர். அதே காலத்தில், 1975 முதல் இயங்கி வரும் ஸ்திரீ முக்தி சங்கடனா என்னும் மகளிர் அமைப்பு, குப்பை பொறுக்கும் பெண்களை ஒன்றுதிரட்டிப் ‘பரிசர் விகாஸ்’ என்னும் திட்டத்தை நடத்தத் தொடங்கியது. குழுவாகச் சேர்வது, அடையாளச் சீட்டு, சேமிப்பு, உரம் செய்யப் பயிற்சி ஆகியவை அதன் பணிகள். அணுசக்தி நிலையத்து அறிவியலார் சமையலறைக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் ‘நிசர்கருணா’ என்னும் முறையை வகுத்தனர். கழிவைக் கூழாக அரைத்து, வெந்நீர் கலந்து, முதலில் காற்றுப்படும் தொட்டியிலும் பின்னர்க் காற்றுப் புகாத தொட்டியிலும் புளிக்க விடுவது அதன் அடிப்படை. இரண்டு கட்டமாகப் புளிப்பதால் வேலை விரைந்து முடிகிறது. எரிவாயு அடுப்புக்கும், எஞ்சிய சாறு செடிக்கும் ஆகின்றன. இத்தகைய நிலையங்களை இயக்கும் பயிற்சியும் அப்பெண்களுக்கு அளிக்கப்பட்டது. அணுவைப் பிளக்கும் அறிவு வாழைப்பழத் தோலைப் பற்றியும் கவலைப்பட்டது நமக்குப் பெருமையே.

நம் கமிட்டியில் இவை பற்றிப் பேச்சு எழுந்தபோது நடந்த விவாதம் மூன்று கூட்டங்கள் நீடித்தது. ‘சம்பளம் கொடுத்துக் காவலாளரை வைத்துவிட்டு, வாயிலைத் திறந்து விடுவதா?’ என்றார் ஒருவர். ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவர் நாய்க்கடி, எலி மருந்து, கூடுதல் வண்டிக் கூலி என்று வரிசையாகக் கூட்டிக் காட்டினார். தீர்மானம் நிறைவேறியதற்கு அறவுணர்வைவிட அந்தக் கூட்டலே காரணம் என்பதை மறைப்பானேன்? நான்கு பெண்கள் அடையாளச் சீட்டுடன் வரத் தொடங்கினர். அவர்களுள் இருவர் சீட்டா கேம்ப்பிலிருந்து வந்த தமிழர். ஓராண்டுக்குள் பின்வாயிலில் குவியல் மறைந்தது. மாநகராட்சியிடம் விளக்கும் கேட்டு வாங்கினோம்.

நாம் பிரித்துக் கொடுக்கும் பொருள் எங்கே போகிறது என்றறிய ஒருமுறை சிலர் பின்தொடர்ந்து சென்றோம். பெண்கள் அதை எடைபோட்டு விற்பது சிறு கடையில். அங்கிருந்து மான்குர்டை அடுத்த மண்டாலாவிலுள்ள பழம்பொருட் கிடங்குகளுக்கும், தாராவியில் பதின்மூன்றாம் காம்பவுண்டு எனப்படும் பகுதிக்கும் அது செல்கிறது. தாராவியில் பிளாஸ்டிக்கை நிறமும் வகையும் பார்த்துப் பிரிக்கின்றனர். நகத்தால் கீறியும் தீயில் காட்டி வாடை பிடித்தும் இன்ன வகை என்று சொல்லிவிடுகின்றனர். பின்னர்த் துண்டாக்கிக் கழுவி, மொட்டைமாடியில் உலர்த்தி, உருக்கி மணிகளாக்குகின்றனர். அந்த மணி மீண்டும் வாளியாகவும் செருப்பாகவும் நம் வீட்டிற்கே வருகிறது. புகையும் வெக்கையும் தாங்காமல் நாம் கால்மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம்.

ஊர்க்காவலைப் பற்றிய இன்னொரு முயற்சியும் சொல்லத்தக்கது. 2004-இல் மும்பைக் காவல் ஆணையர் ஏ. என். ராயும், முன்னர்ச் சொன்ன ஜாக்கின் அற்புதத்தின் கூட்டமைப்பும் சேர்ந்து குடிசைப் பகுதிகளில் காவல் பஞ்சாயத்துகளை ஏற்படுத்தினர். ஒரு பஞ்சாயத்தில் அப்பகுதி மக்கள் பத்துப்பேர். அவருள் ஏழுபேர் பெண்கள். அவர்களோடு ஒரு காவல் அலுவலர். குடித்துவிட்டு அடிப்பது, தண்ணீர்ச் சண்டை, அண்டை வீட்டுத் தகராறு முதலியன வழக்காக வளர்வதற்கு முன்பே பேசித் தீர்க்கப்பட்டன. அவ்வாண்டே ராயும் அற்புதமும் மற்றொரு காவல் அதிகாரியும் சேர்ந்து இம்முயற்சியைப் பற்றி ஆராய்ச்சி இதழொன்றில் எழுதினர். ஒரு காலத்தில் காவலர் கைது செய்து அழைத்துச் சென்ற மனிதர், ஆணையரோடு ஒரே கட்டுரையில் பெயர் இட்டிருந்தார். அற்புதம் 2000-இல் மகசேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீயும் பெற்று, 2018 அக்டோபரில் மறைந்தார். நம் மேடையில் அவருக்கு மாலையிட்டதில்லை.

2016 ஜனவரி 28-ஆம் நாள் தேவ்னார்த் திடலில் தீப்பற்றியது. மலைபோல் குவிந்த குப்பையின் உள்ளே ஈரப் பொருள் அழுகுவதால் மீத்தேன் என்னும் எரிவாயு தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும். புகை நாள்கணக்கில் நகரத்தை மூடியது. விண்ணிலிருந்து எடுத்த படங்களிலும் அது தெரிந்தது. அப்பகுதியின் மாநகராட்சிப் பள்ளிகள் மூடப்பட்டன. நம் குடியிருப்பில் சன்னல்களில் ஈரத்துணி கட்டினோம். ஆஸ்துமா உள்ள குழந்தைகளைத் தாதருக்கும் தாணேக்கும் உறவினர் வீடுகளுக்கு அனுப்பினோம். இரும்பு வாயிலும் நான்கு காவலாளரும் பேரேடும் இருந்தபடியே இருந்தன. மார்ச் மாதத்தில் மீண்டும் எரிந்தது. பிப்ரவரி இறுதியில் உயர்நீதிமன்றம், குப்பைக்கு வழி செய்யாமல் நகரில் புதுக் கட்டடங்களுக்கு அனுமதி தரலாகாதென்று ஆணையிட்டது. அதை உச்ச நீதிமன்றம் 2018-இல் நிபந்தனைகளோடு தளர்த்தியது. தீக்குப் பின் திடலைச் சுற்றிக் காவல் கடுமையாயிற்று. அங்கே பொறுக்கிப் பிழைத்தோர் நுழைவது தடுக்கப்பட்டது. நம் பழைய தீர்மானத்தின் பெரிய வடிவம் அது என்று சொல்லத் தோன்றுகிறது.

அவ்வாண்டு ஏப்ரலில் நடுவணரசு வெளியிட்ட திடக்கழிவு விதிகள் குப்பை பொறுக்குவோரை முதன்முறையாக ஏற்றுப் பேசின. 2017 அக்டோபர் 2 முதல், பெரிய குடியிருப்புகள் தம் ஈரக் குப்பையைத் தாமே உரமாக்கிக்கொள்ள வேண்டுமென்று மாநகராட்சி அறிவித்தது. பல குடியிருப்புகள் அவகாசம் கேட்டு ஓடின. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. நம் உரக்குழி அப்போது பதினைந்தாண்டுப் பழமை உடையது. மலர்த் தோட்டத்துச் செம்பருத்தி அதற்குச் சாட்சி.

தீ எரிந்த நாள்களிலும் அந்த நான்கு பெண்களுள் மூவர் வேலைக்கு வந்தனர். நாலாமவர் வீடு திடலுக்கு மிக அருகில். அவர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் கிடந்தார் என்று பின்னரே அறிந்தோம். சங்கத்தின் சார்பில் ஒரு தொகை அனுப்பினோம். திரும்பி வந்தபோது அவர் பணத்திற்கு நன்றி சொல்லிவிட்டு, வேறொன்று கேட்டார். வேலை முடிந்தபின் கை கால் கழுவி உடை மாற்றிக்கொள்ள ஒரு சிறு அறையும் குழாயும் வேண்டும் என்றார். இருபதாண்டுகளாக நம் தோட்டத்துக் குழாயில் கழுவிக்கொண்டு, அதே அழுக்குப் புடவையோடு வண்டியேறிச் சென்றிருக்கின்றனர்; பக்கத்தில் அமர்ந்தோர் எழுந்து போயிருக்கின்றனர். நாம் கேட்கவும் இல்லை, கவனிக்கவும் இல்லை.

பின்வாயிலின் அருகே, முன்பு குவியல் இருந்த இடத்தில், அந்த அறைக்கு இடமிருக்கிறது. வரைபடம் போட்டு மதிப்பீடும் வாங்கியாயிற்று. இருமுறை பொதுக்குழுவில் வந்து, வாகனம் நிறுத்த இடம் போதாதென்ற காரணத்தால் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த பொதுக்குழுக் கூட்டம் விழா முடிந்த மறு ஞாயிறன்று காலை பத்து மணிக்கு. நிகழ்ச்சி நிரலில் இது ஏழாவது பொருள். ஆறாவது பொருளுக்குள் பலர் எழுந்து போய்விடுவது வழக்கமாதலால், இம்முறை இரண்டாவதாக வைக்கும்படி செயலாளருக்கு எழுதியிருக்கிறோம்.